காணாமற்போன 5 மில்லிமீட்டர்: பழைய பிக்கப் ஒன்றின் கிளட்ச் கோளாறு குறித்த நிகழ்வு ஆய்வு

வாகனமும் புகாரும்

பணிமனைக்கு வந்த வாகனம் 24 ஆண்டுகள் ஓடிய, பின்சக்கரங்களால் இயங்கும் டீசல் பிக்கப். ஐந்து முன்கியர்களும் ஒரு ரிவர்ஸும் கொண்ட கியர்பாக்ஸ். என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தும் பிரித்தும் விடும் கிளட்ச், ஹைட்ராலிக் முறையில், அதாவது திரவ அழுத்தத்தால் இயங்குவது. திரவ அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே, கிளட்ச்சை மூடியிருக்கும் உறையான பெல் ஹவுசிங்கின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருந்தது. காலையில் வண்டியை எடுக்கும்போது கியர்கள் ஏறக்குறையத் தடையின்றி விழுகின்றன என்றும், நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து சென்ற பிறகு முதல் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் பற்கள் கரகரவென்று அரைபடுகின்றன என்றும் உரிமையாளர் கூறினார். என்ஜினை அணைத்துவிட்டால் அதே சூட்டிலும் எல்லாக் கியர்களும் எளிதாக விழுந்தன. பெடல் இலேசாகவும் இல்லை, பஞ்சு போலவும் இல்லை. காலுக்கு வழக்கமானதாகவே தோன்றியது.

இந்தக் கோளாறுக்காக எட்டு மாதங்களில் மூன்று முறை வேறு இடங்களில் வேலை நடந்திருந்தது. முதலில் கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச் பிளேட் (உராய்வுத் தட்டு), பிரஷர் பிளேட் (அதை அழுத்திப் பிடிப்பது), ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியைத் தளர்த்துவது) மூன்றையும் மாற்றியிருந்தார்கள். அடுத்து, பெடலால் தள்ளப்பட்டுத் திரவத்தை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரும், அதற்குப் பின் ஸ்லேவ் சிலிண்டரும் புதிதாகப் போடப்பட்டன. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாரம் நன்றாக இருந்து, பிறகு பழைய நிலைக்கே திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு பழுதுபார்ப்பும் சிறிது காலம் பலன் தந்ததுதான் எல்லோரையும் குழப்பியிருக்கிறது என்பது பின்னால் தெளிவாயிற்று. கழற்றிய பழைய பாகங்களை உரிமையாளர் ஒரு சாக்கில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அந்தச் சாக்கை அவர் எடுத்து வந்தது இந்த ஆய்வுக்குப் பெரிய உதவியாக அமைந்தது.

சாக்கிலிருந்து கிடைத்த சான்று

வண்டியைத் தொடுவதற்கு முன் பழைய கிளட்ச் பிளேட்டை எடுத்துப் பார்த்தேன். உராய்வுப் பரப்பின் மேற்புறத்திலிருந்து ரிவெட் தலை வரையான ஆழம் வெர்னியரில் 1.2 மில்லிமீட்டர் காட்டியது. பல வாகனக் கையேடுகளில் இதற்கான கடைசி எல்லை 0.3 மில்லிமீட்டர் என்றிருக்கும். ஆகவே இந்தப் பிளேட் இன்னும் நெடுங்காலம் உழைத்திருக்கும். எண்ணெய்க் கறை இல்லை, எரிந்த கருமை இல்லை, நடுவில் கியர்பாக்ஸின் தண்டோடு பொருந்தும் ஸ்ப்ளைன் பற்கள் படியாகத் தேயவில்லை, அதிர்வைத் தாங்கும் சுருள்வில்கள் எதுவும் உடையவில்லை. பிரஷர் பிளேட்டின் டயாஃபிரம் வில்லின் விரல்கள் அனைத்தும் ஒரே உயரத்தில் நின்றன. ரிலீஸ் பேரிங்கைக் கையால் சுழற்றியபோது சிறிதும் சொரசொரப்பு இல்லை.

குற்றமற்ற பாகங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன என்பது இதனால் உறுதியாயிற்று. முன்பு வேலை செய்தவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கியர் விழவில்லை என்றதும் கிளட்ச் செட்டை மாற்றுவது இத்தொழிலில் ஆழமாக ஊறிய பழக்கம். பல நேரங்களில் அது சரியாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால், கிளட்ச் வழுக்குவதும் கிளட்ச் விடுபடாமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று நேர்மாறான கோளாறுகள். வழுக்கும்போது என்ஜின் வேகம் ஏறும், வண்டி ஏறாது, கருகல் வாடை வரும். தேய்ந்த பிளேட் அதைத்தான் உண்டாக்கும். விடுபடாத கிளட்ச்சுக்கு பிளேட் தேய்மானம் பெரும்பாலும் காரணமாவதில்லை. இந்த வண்டியில் நான்காம் கியரில், மேட்டில், பாரத்தோடு ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோதும் வழுக்கலின் அறிகுறி துளியும் தென்படவில்லை.

கியர்பாக்ஸா, கிளட்ச்சா

கியர்பாக்ஸின் உள்ளே கோளாறு இருக்குமா என்ற கேள்வியை உரிமையாளரின் கூற்றே பாதி தீர்த்துவிட்டது. ஏதேனும் ஒரு கியர் மட்டும் முரண்டு பிடித்தால் அதன் ஸிங்க்ரோ வளையத்தை (கியர் விழும்போது வேகங்களைச் சமப்படுத்துவது) சந்தேகிக்கலாம். எல்லாக் கியர்களும் என்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்து, என்ஜின் நின்றதும் தளர்ந்துவிடுமானால், கியர்பாக்ஸின் உள்தண்டு என்ஜினிடமிருந்து முழுமையாகப் பிரியவில்லை என்றுதான் பொருள். பழைய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் ரிவர்ஸுக்கு ஸிங்க்ரோ கிடையாது. அதனால் உள்தண்டு சற்றே சுழன்றாலும் ரிவர்ஸ்தான் முதலில் கரகரக்கும். அந்த வகையில் ரிவர்ஸ் மிக நேர்மையான சாட்சி. பெடலை முழுதும் மிதித்து, நான்கு வினாடி காத்து, பிறகு ரிவர்ஸைப் போட்டுப் பார்த்தேன்: குளிர்ந்த நிலையில் சத்தமில்லை, 45 நிமிட ஓட்டத்துக்குப் பின் தெளிவான அரைபடல்.

அடுத்து, பெடலை இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்துவிட்டுக் கியர் போட்டேன். ஹைட்ராலிக் குழாயில் காற்று இருந்தாலோ, மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் உள்ளுக்குள் கசிந்தாலோ இவ்வாறு மிதிப்பது நிலைமையைச் சற்று மேம்படுத்தும். இங்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. பெடலை மிதித்தபடியே ஒரு நிமிடம் பிடித்திருந்து, ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுதண்டு பின்வாங்குகிறதா என்று உதவியாளரைப் பார்க்கச் சொன்னேன். அது நின்ற இடத்திலேயே நின்றது. ஆகவே காற்றும் இல்லை, கசிவும் இல்லை. புதிய சிலிண்டர்கள் இரண்டும் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

மிகச் சுலபமாகத் தவறிழைக்கக்கூடிய இடம் இதுவே. இதுவரை கிடைத்த முடிவுகளைப் பார்த்தால், ஹைட்ராலிக் பகுதி நன்றாக இருக்கிறது, ஆகவே கோளாறு உள்ளேதான் என்று முடிவுகட்டிக் கியர்பாக்ஸை மீண்டும் இறக்கத் தோன்றும். கசிவு இல்லை என்பதும் போதிய நகர்வு இருக்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகள். முதலாவதைச் சோதித்துவிட்டு இரண்டாவதை அனுமானித்துக்கொள்வதாலேயே பல கியர்பாக்ஸ்கள் தேவையின்றி இறக்கப்படுகின்றன.

நகர்வை அளந்தது

பெடலில் கால் வைத்த இடத்திலிருந்து பிரஷர் பிளேட்டின் விரல் நுனி வரை கடத்தப்படுவது நகர்வு. அது பெடல் கை எனப்படும் நெம்புகோலில் சுருங்கி, மாஸ்டர் பிஸ்டனுக்குப் போய், திரவமாகக் குழாயில் சென்று, ஸ்லேவ் பிஸ்டனில் மீண்டும் தண்டின் நகர்வாகி, கவட்டை வடிவ நெம்புகோலின் வழியே ரிலீஸ் பேரிங்கை அடைகிறது. இச்சங்கிலியின் நடுவில், வெளியிலிருந்து கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய ஒரே இடம் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுதண்டு. அங்கே அளந்தால் சங்கிலி இரண்டாகப் பிரிந்துவிடும்: நகர்வு போதுமான அளவு இருந்தும் கிளட்ச் விடுபடவில்லையென்றால் கோளாறு பெல் ஹவுசிங்கின் உள்ளே, நகர்வே குறைவென்றால் கோளாறு வெளியே. வெளிப்புற ஸ்லேவ் சிலிண்டர் உள்ள எந்த வண்டியிலும் கியர்பாக்ஸை இறக்கும் முன் இந்த அளவை எடுத்தே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டேன். பெடலின் முழு நகர்வு 150 மில்லிமீட்டர். பெடல் கையின் நெம்புகோல் விகிதம் 6. ஆகவே மாஸ்டரின் தள்ளுதண்டுக்கு 25 மில்லிமீட்டர் கிடைக்க வேண்டும். பிஸ்டனைத் தொடுவதற்கு முன் இருக்க வேண்டிய சிறு இடைவெளிக்கும், பிஸ்டன் நகர்ந்து, தொட்டியிலிருந்து திரவம் வரும் துளையை மூடுவதற்கும் சுமார் 2.5 மில்லிமீட்டரைக் கழித்தால் மிஞ்சுவது 22.5. மாஸ்டரின் உள்விட்டம் 15.87 மில்லிமீட்டர், ஸ்லேவின் உள்விட்டம் 19.05 மில்லிமீட்டர், இவற்றின் பரப்பு விகிதம் 0.69. ஆகவே ஸ்லேவ் தண்டு ஏறத்தாழ 15.5 மில்லிமீட்டர் நகர வேண்டும்.

அளந்தபோது கிடைத்தது குளிர்ந்த நிலையில் 10.5, சூடான நிலையில் 9.

பிறகு, இந்த வண்டியின் கிளட்ச் விடுபட உண்மையில் எவ்வளவு நகர்வு தேவை என்பதையும் அறிய வேண்டியிருந்தது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பகுதியை ஜாக்கியால் உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் எண்ணெயின் இழுப்பு மட்டும் சக்கரத்தைச் சுழற்றிவிடாதபடி கைப்பிரேக்கை மிக இலேசாகப் பிடிக்கவிட்டு, முதல் கியரில் என்ஜினை ஐடிலில் ஓடவிட்டேன். பெடலை மெதுவாக மிதித்துச் சென்று, சக்கரங்கள் முழுதும் நிற்கும் உயரத்தை இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே வைத்த ஒரு மரக்குச்சியில் குறித்துக்கொண்டேன். என்ஜின் ஓடும்போது வண்டியின் அடியில் ஒருவரும் போகவில்லை. அதை அணைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பிறகே, பெடலைக் குச்சியின் குறி வரை அழுத்திப் பிடித்து ஸ்லேவ் தண்டின் நகர்வை அளந்தோம். 9.5 மில்லிமீட்டர்.

இந்த மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எட்டு மாதக் குழப்பம் விளங்கியது. விடுபடத் தேவை 9.5, குளிரில் கிடைப்பது 10.5, சூட்டில் கிடைப்பது 9. காலையில் ஒரு மில்லிமீட்டர் மிச்சத்தில் கியர் விழுகிறது. சூடேறியதும் அரை மில்லிமீட்டர் பற்றாக்குறையில் விழ மறுக்கிறது. இப்படி விளிம்பில் நிற்கும் கோளாறு, எதைத் தொட்டாலும் சிறிது காலம் குணமானது போல் காட்டும். புதிய திரவம் ஊற்றிக் காற்றைச் சுத்தமாக எடுத்தாலே ஒரு மில்லிமீட்டரின் ஒரு பகுதி திரும்பக் கிடைத்துவிடும். மூன்று பழுதுபார்ப்புகளிலும் அந்த வேலை நடந்திருக்கிறது. மூன்றுக்கும் கிடைத்த தற்காலிகப் பலன் அதனால் வந்ததாகவே இருக்க வேண்டும். மாற்றிய பாகத்தால் வந்த பலன் என்று நம்பியதில் வியப்பில்லை.

இந்தச் சோதனை வேறொரு கேள்வியையும் தீர்த்துவைத்தது. என்ஜினோடு சுழலும் ஃபிளைவீலின் நடுவில் உள்தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருந்தால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் உள்தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். இங்கே 9.5-ஐத் தாண்டியதும் சக்கரங்கள் தெளிவாக நின்றன. ஆகவே பைலட் பேரிங் பழுதற்றது, பிளேட்டும் கோணவில்லை. கியர்பாக்ஸை இறக்க வேண்டிய தேவை முற்றிலும் நீங்கியது.

இழப்பு நிகழ்ந்த மூன்று இடங்கள்

15.5-இலிருந்து 10.5 வரை, குளிர்ந்த நிலையில் காணாமற்போனது 5 மில்லிமீட்டர். இதைப் பகுதி பகுதியாகத் தேடினேன்.

பெடலின் மேற்பகுதியில், மாஸ்டரின் தள்ளுதண்டைப் பெடல் கையுடன் இணைக்கும் கிளெவிஸ் பின்னில் முதல் இழப்பு தென்பட்டது. பெடலைக் கையால் மெல்ல அழுத்தினால் தள்ளுதண்டு அசைவதற்கு முன் பெடல் கை தனியே நகர்ந்தது. பின்னைக் கழற்றிப் பார்த்தால் அது ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. பெடல் கையிலிருந்த துளை முட்டை வடிவமாகியிருந்தது. இரண்டும் சேர்ந்து 2 மில்லிமீட்டர். ஸ்லேவில் அது 1.4.

இரண்டாவது இழப்பைக் கண்டுபிடிக்க ஓட்டுநர் இருக்கையில் உதவியாளரை அமர்த்தி, என்ஜின் அறையில் மாஸ்டர் சிலிண்டரின் மீது கையை வைத்தேன். பெடலை மிதித்த ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுவதும் முன்னோக்கி மூச்சுவிடுவது போல் எழும்பி இறங்கியது. நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும், காந்த அடிப்பகுதி கொண்ட டயல் கேஜை மட்கார்டின் உட்புறத்தில் நிறுத்தி அளந்தபோது 3 மில்லிமீட்டர். சிலிண்டரைத் தாங்கும் தகட்டுச் சுவர், அதாவது என்ஜின் அறைக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலுள்ள ஃபயர்வால், வளைந்துகொண்டிருந்தது. உட்புறத்து ஒலித்தடுப்பு விரிப்பை உரித்துப் பார்த்ததில் கீழ்ப் போல்ட் துளையிலிருந்து இருபுறமும் கிளைத்த விரிசல் தெரிந்தது; என்ஜின் பக்கத்தில் அதைப் பெயின்ட் மறைத்திருந்தது. பெடலின் நகர்வில் ஒரு பகுதி பிஸ்டனைத் தள்ளாமல் சிலிண்டரையே தள்ளிக்கொண்டிருந்தது. மாஸ்டரை மாற்றியவர் அதே துளைகளில் அதே போல்ட்டுகளை இறுக்கியபோது இந்த விரிசல் அவர் விரலுக்குச் சில மில்லிமீட்டர் தொலைவில்தான் இருந்திருக்கும். ஸ்லேவில் இதன் இழப்பு 2.1.

மீதி 1.5. எஞ்சியிருந்த ஒரே பழைய பாகம், இரும்புக் குழாயையும் ஸ்லேவையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ். அது எக்ஸாஸ்ட் குழாய்க்கு ஒரு கையகலத் தொலைவில் ஓடியது. வெளிப்புறத்தில் நுண்ணிய வெடிப்புகள் இருந்தன, கசிவு இல்லை. எப்படியும் மாற்றப்பட வேண்டியது என்பதால் ஹோஸ் இடுக்கியால் அதை மேற்புற முனையருகே இறுக்கி, பெடலை மிதித்துப் பார்த்தேன். பெடல் கல்லைப் போல் இறுகியது. அதாவது அதற்கு மேற்புறத்தில் திரவம் விழுங்கப்படவில்லை. அதே இடுக்கியை ஸ்லேவ் முனையருகே மாற்றி இறுக்கியபோது பெடல் தெளிவாகக் கூடுதலாக அமுங்கியது. இடைப்பட்ட ஹோஸ்தான் அந்தத் திரவத்தை வாங்கிக்கொண்டது. ஸ்லேவில் 1.5 மில்லிமீட்டர் இழப்பு என்பது அரை மில்லிலிட்டருக்கும் குறைவான திரவம். அவ்வளவு சிறிய புடைப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. சூடேறி ரப்பர் இளகும்போது புடைப்பு இரட்டிப்பாகி, 10.5 என்பது 9 ஆகியது. வெப்பத்தோடு கோளாறு வந்து போனதன் காரணம் இதுவே.

பழுதுபார்ப்பு

மூன்றையும் ஒரே நேரத்தில் செய்திருந்தால் வேலை விரைவில் முடிந்திருக்கும். ஆனால் என் கணக்கு சரியா என்று தெரிந்திருக்காது. எனவே ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு படியிலும் ஸ்லேவை அளந்தேன்.

முதலில் பெடல் கையின் துளையைச் சீராகக் குடைந்து, உள்ளே எஃகு புஷ் (உள்வளையம்) அடித்து, புதிய பின் போட்டேன். நகர்வு 11.8 ஆனது. தள்ளுதண்டின் மரையைத் திருகி நீட்டினாலே இந்தத் தளர்ச்சியைச் சரிசெய்யலாமே என்று ஒருவர் கேட்கலாம், நீட்டலாம்தான். ஆனால் தேய்ந்த பின் தொடர்ந்து தேயும். அளவுக்குச் சற்று மிஞ்சி நீட்டிவிட்டால், பெடலை விட்ட பிறகும் பிஸ்டன் முழுதும் பின்வாங்காமல் திரவத் துளையை அடைத்துக்கொள்ளும். சூட்டில் விரியும் திரவம் வெளியேற வழியின்றிக் கிளட்ச்சைச் சிறிதளவு மிதித்தே வைத்திருக்கும். விடுபடாத கிளட்ச்சாக வந்த வண்டி வழுக்கும் கிளட்ச்சாகத் திரும்பிப் போகும்.

இந்த நிலையிலேயே வண்டி சூட்டிலும் கியரை ஏற்றது. உரிமையாளர் எடுத்துச் செல்ல விரும்பினார். விரிசலைக் காட்டி, அது நாளுக்கு நாள் வளரும் என்றும், சிலிண்டர் பெயர்ந்தால் நடுவழியில் கிளட்ச் அறவே இல்லாமற்போகும் என்றும் விளக்கியதும் அவர் ஒப்புக்கொண்டார்.

ஃபயர்வால் வேலைக்காக பேட்டரி இணைப்பைத் துண்டித்து, மாஸ்டரையும் திரவத்தையும் முற்றிலும் அகற்றி, உட்புற விரிப்பையும் ஒயர்களையும் ஒதுக்கினேன். பிரேக் திரவமும் விரிப்பும் தீப்பற்றக்கூடியவை என்பதால் இந்த ஒதுக்கலுக்கே வெல்டிங்கைவிட அதிக நேரம் பிடித்தது. விரிசலின் இரு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் துளையிட்டேன். கூரிய முனை வட்டமாகும்போது விரிசல் மேலும் ஓடுவது தடைபடுகிறது. விரிசலை வெல்டு செய்து அரைத்துச் சமப்படுத்திய பின், 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டை உட்புறத்தில் அகலமாக வைத்து, அதன் விளிம்பைச் சுற்றிலும் இடைவெளி விட்டு விட்டு வெல்டு செய்தேன். வெறும் விரிசலை மட்டும் வெல்டு செய்தால் அதன் அருகிலேயே புதிய விரிசல் கிளம்பும். விசை அகன்ற பரப்பில் பரவ வேண்டும். மீண்டும் பூட்டி அளந்தபோது 13.9. டயல் கேஜில் அசைவு 0.2 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தது.

கடைசியாக ஹோஸை மாற்றி, எக்ஸாஸ்ட்டுக்கும் அதற்கும் இடையே ஒரு தகட்டு மறைப்பு வைத்தேன். டாட் 4 வகைப் பிரேக் திரவம் ஊற்றி, ஸ்லேவின் நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்து காற்றை எடுத்தோம். பெடல் மேலே வருவதற்கு முன் நிப்பிளை மூடுவதும், தொட்டியில் மட்டம் இறங்காமல் பார்த்துக்கொள்வதும் மட்டுமே இங்கு கவனிக்க வேண்டியவை. பேச்சு வழக்கில் இதைப் பிரேக் ஆயில் என்கிறோம். அந்தப் பெயரை நம்பி இதில் கனிம எண்ணெயை ஊற்றிவிட்டால் ரப்பர் கப்புகள் ஊதிப்போய்ச் சிலிண்டர்கள் இரண்டும் பாழாகும். இறுதி அளவு: குளிரில் 15.4, 45 நிமிட ஓட்டத்துக்குப் பின் 15.2.

அதன் பின்

ஐந்து மாதம் கழித்து வண்டி எண்ணெய் மாற்ற வந்தபோது மீண்டும் அளந்தேன், 15.1 இருந்தது. ஃபயர்வால் தகட்டில் பெயின்ட்கூட வெடிக்கவில்லை. முன்கியர்கள் ஐந்தும் எந்த நிலையிலும் தடையின்றி விழுகின்றன.

ரிவர்ஸ் மட்டும் முழுமையாகத் தேறவில்லை. எட்டு மாதம் அரைபட்டதில் ரிவர்ஸ் பற்களின் நுனிகள் மழுங்கியிருக்கின்றன. பெடலை மிதித்தவுடன் அவசரமாகப் போட்டால் இன்னும் ஒரு சிறு ‘கிரக்’ ஒலி கேட்கிறது. நான்கு வினாடி காத்துப் போட்டால் ஒலி இல்லை. பற்களை மாற்றுவதற்கு கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்பதாலும், இப்போதைய நிலையில் தேய்மானம் வளரவில்லை என்பதாலும் அதை அப்படியே விட்டிருக்கிறோம். கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றியபோது வடிகால் திருகின் காந்தத்தில் உலோகத் துகள் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.